வளவில் லில்லி பெருக்குவது: யாழ்ப்பாணத்து மண்ணுக்கும் மாரிக்கும் ஏற்றபடி

லில்லி வளர்க்க ஆசைப்படுகிற பலர் இங்கே முதலில் தேடுவது, பூக்கடைகளில் மினுங்கும் தாளில் சுற்றி வைத்திருக்கும் அந்தப் பெரிய வாசனை லில்லியைத்தான். கொழும்புக்குப் போய்வரும் யாரிடமாவது சொல்லிச் சாடியோடு எடுப்பிப்பார்கள். மொட்டோடு வந்தது பூக்கும், படமும் எடுப்பார்கள். அடுத்த வருடம் இலை மட்டும் வரும். அதற்கடுத்த வருடம் அதுவும் வராது.

குறை வளர்ப்பவரிடம் இல்லை. அது லிலியம் என்ற இனம். அதன் கிழங்குக்குள் அடுத்த பூ உருவாகச் சில வாரங்களாவது நல்ல குளிர் படவேண்டும். நுவரெலியாவில் அது சும்மா கிடைக்கிறது. நீலகிரி மலையில் அந்த இனத்தில் ஒன்று காட்டுச் செடியாகவே வளர்கிறது. எங்களுக்கோ மார்கழிப் பனியிலும் இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வாசனை லில்லியைக் கடைசிக்கு வையுங்கள். (அதற்கும் ஒரு வழி உண்டு, முடிவில் சொல்கிறேன்.)

எங்கள் வளவுகளில் லில்லி என்று பெயர் பெற்றவை வேறு. மழைக்குப் பிறகு திடீரென்று நிலம் நிறையப் பூக்கும் சின்ன மழை லில்லி. கிணற்றடியில் வெள்ளைப் பூவோடு அடர்ந்து நிற்கும் சிலந்தி லில்லி. சித்திரைக்கு அண்மையாகத் தடித்த தண்டில் குழல் குழலாகச் சிவப்பாகப் பூக்கும் பெரிய லில்லி. கடைக்காரர் அதை அமரில்லிஸ் என்பார்கள், தாவரவியலில் ஹிப்பியஸ்ட்ரம். வருடத்துக்கு ஒரே ஒரு சிவப்புப் பந்து காட்டும் பந்து லில்லி. வேலியில் ஏறும் கார்த்திகைப்பூ. இவை எல்லாவற்றுக்கும் வெயில் பழக்கம். இவற்றைப் பெருக்கப் பெரிய செலவும் இல்லை.

கிழங்கு எங்கே வாங்குவது என்று கேட்டால், முதலில் அயலைப் பாருங்கள் என்பேன். நாற்றுமேடைகளில் கிடைக்கும், திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் போனாலும் சில வேளை அகப்படும். ஆனால் பத்து வருடமாக உங்கள் ஊரின் தண்ணீரையே குடித்து வளர்ந்த கிழங்குக்கு நிகர் கிடையாது. கேட்கும் முறையும் தெரிந்ததுதான்.

"அன்ரி, உந்த வெள்ளை லில்லி நல்லா அடந்துபோச்சு. கிளறிவிடேக்க எனக்கும் ரெண்டு கிழங்கு தாங்கோவன்."

"ரெண்டோ? வாளி ஒண்டு கொண்டு வா பிள்ளை."

பெரும்பாலும் இப்படித்தான் முடியும். லில்லி அடர்ந்தால் பூக் குறையும் என்பதால், கிளறிக் கொடுப்பது கொடுப்பவருக்கும் நன்மை. களவெடுத்து நட்ட கண்டுதான் செழிக்கும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கேட்டு வாங்கியதும் செழிக்கும்.

எப்போது தொடங்குவது

புதியவர்கள் அதிகம் பயப்படுவது வெயிலுக்கு. பயப்பட வேண்டியது மாரிக்கு. எங்கள் வருட மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். கிழங்கு என்பது வரட்சியைத் தாங்கவென்றே செடி கட்டிவைத்த களஞ்சியம். ஒரு மாதம் தண்ணீர் காணாவிட்டாலும் அது சுருங்கிப் படுத்திருக்கும். ஆனால் வெட்டுக்காயத்தோடு, வேர் பிடிக்காமல், தேங்கின வெள்ளத்தில் ஒரு கிழமை கிடந்தால் அழுகிவிடும்.

அதனால் கிளறுவது, பிரிப்பது, வெட்டுவது எல்லாவற்றுக்கும் நல்ல காலம் ஆவணியும் புரட்டாதி முற்பாதியும். நல்லூர்க் கொடி ஏறும்போது சாடியும் மண்ணும் தேட ஆரம்பித்தால் கணக்குச் சரியாக வரும். சோளகக் காற்று அடங்கும் காலம். மண் காய்ந்து கிடக்கும். கிழங்குகள் பாதி உறக்கத்தில் இருக்கும். நட்டு இரண்டு மூன்று கிழமை அளவாகத் தண்ணீர் காட்டினால் வேர் விட்டுவிடும். பிறகு வரும் மாரி அதற்கு உதவியாகவே இருக்கும். தவறவிட்டால் ஐப்பசி நடுவில் அவசரப்பட வேண்டாம். மழை விட்டபின் தை பிறந்து பார்த்துக்கொள்ளலாம்.

மண்ணும் தண்ணீரும்

கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் லில்லிக்கு நல்லது, ஆனால் சாடிக்குள் தனியாகப் போட்டால் இறுகிவிடும். வடமராட்சி கிழக்கு மணலில் தண்ணீர் நிற்காது. அங்கே எரு கூடுதலாக வேண்டும். சாடிக் கலவைக்கு நான் சொல்லும் அளவு: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக உக்கிய மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் அரைப் பங்கு. மணல் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்ததென்றால் இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசுங்கள். தும்புத்தூளிலும் உப்பு இருக்கும். ஒரு இரவு ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். பச்சை எரு வேண்டவே வேண்டாம். சூடும் கறையானும் சேர்ந்து வரும்.

அடுப்புச் சாம்பலைப் பற்றி ஒரு சொல். கிழங்குச் செடிக்குச் சாம்பல் போடு என்று எங்கும் சொல்வார்கள். மற்ற இடங்களுக்கு அது சரி. எங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பதே சுண்ணாம்புக் கல். கிணற்றுத் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீர்தான், கேத்திலின் உட்புறத்தைப் பார்த்தாலே தெரியும். அதற்கு மேல் சாம்பலும் சேர்ந்தால் மண்ணின் காரம் ஏறி, இரும்புச் சத்துச் செடிக்குச் சேராமல், நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இலை வெளிறும். சாடிக்கு ஒரு சிட்டிகை போதும். அதைவிட எலும்புத்தூள் நல்லது.

தீவுப்பகுதியிலோ கரையோரத்திலோ இருப்பவர்கள் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். எங்கள் நிலத்தடி நல்ல தண்ணீர் உவர் நீரின் மேலே மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. நிலாவரைக் கிணற்றிலேயே மேல் நீர் நன்னீர், ஆழத்தில் உவர். கோடையில் மோட்டர் போட்டு ஒரேயடியாக இறைத்தால் வீட்டுக் கிணறும் உவர்க்கும். அந்த நேரத்தில் இளம் குட்டிகளுக்கு மட்டுமாவது, மாரியில் பீப்பாவில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரை விடுங்கள். சிலந்தி லில்லிக்கு இந்தக் கவலை வேண்டாம். அது கடற்கரைச் செடி.

சாடிக்கு அடியில் ஓட்டை கட்டாயம். பழைய பெயின்ற் வாளியென்றால் ஐந்தாறு ஓட்டை போட்டு, மேலே உடைந்த ஓட்டுத்துண்டு வைத்து மூடுங்கள். மாரிக்குச் சாடியை நிலத்தில் வைக்காமல் இரண்டு கல்லுக்கு மேல் ஏற்றுங்கள்.

மழை லில்லி

தொடக்கக்காரருக்கு இதைவிட நம்பிக்கையான செடி இல்லை. வெள்ளை, ரோசா, மஞ்சள் மூன்றும் இங்கே நன்றாக வரும். ஒரு கொத்தை அலவாங்கால் சுற்றி நெகிழ்த்தி, மண்ணோடு கிளப்பி, தண்ணீரில் அலசினால் சின்ன வெங்காயம் அளவுக் கிழங்குகள் தனித்தனியாகக் கழன்று வரும். வேரைச் சீவ வேண்டாம். இலையைப் பாதியாக வெட்டிவிடுங்கள். இரண்டு அங்குல இடைவெளியில், கழுத்து மண் மட்டத்தோடு நிற்க நடுங்கள். தனியாக ஒன்றிரண்டு நட்டால் கண்ணுக்குத் தெரியாது. நடைபாதை ஓரமாக இருபது முப்பதை வரிசையாக வைத்தால்தான் அழகு.

பூக்கச் செய்வதில் ஒரு சூட்சுமம் உண்டு. இது வரட்சிக்குப் பின் வரும் நல்ல மழைக்குப் பூப்பது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டினால் புல்லாகவே நிற்கும். மூன்று நான்கு கிழமை காயவிட்டு, பிறகு ஒரு நாள் நன்றாக நனைய விட்டால், நாலைந்து நாளில் மொட்டுத் தலைகாட்டும். கோடையில் ஒரு கலியாண வீட்டுக்கோ பூங்காவனத்துக்கோ முற்றத்தில் பூ நிற்க வேண்டுமென்றால் இப்படித் தேதி பார்த்து நனைக்கலாம். வாளித் தண்ணீரைவிட மழைக்கே அது கூடுதலாகப் பூக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மஞ்சள் நிறமானது விதையும் நிறையக் கட்டும். காய் வெடித்ததும் உள்ளே கறுப்பாக, தட்டையாக, தாள்போல இருக்கும் விதையை அன்றே மண்மேல் தூவி, மெல்லிதாக மணல் மூடுங்கள். எடுத்து வைத்து அடுத்த வருடம் போடலாம் என்று நினைத்தால் பாதிக்கு மேல் முளைக்காது.

சிலந்தி லில்லியும் விஷமூங்கிலும்

இரண்டுக்கும் அதிகம் எழுதத் தேவையில்லை. சிலந்தி லில்லி தானாகவே குட்டி போட்டுக்கொண்டிருக்கும். மண்வெட்டியால் கொத்தைப் பிளந்து ஒன்றரை அடி இடைவெளியில் வைத்தால் போதும். பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்திலும் நிற்கும். நடுவதற்கு முன் இடத்தை யோசியுங்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகு அதைக் கிளப்ப இரண்டு ஆள் வேண்டும்.

விஷமூங்கில் என்பது மூங்கில் அல்ல, வெள்ளையாகப் பூக்கும் லில்லி வகைதான். கரையோரங்களில் தானாக நிற்பது. அதன் விதை புளியங்கொட்டையைவிடப் பல மடங்கு பெரிய, சதைப்பிடிப்பான குமிழ். கடல்நீரில் மிதந்து போய்க் கரைசேர்ந்து முளைக்கிற சாதி. அதைப் புதைக்க வேண்டாம். ஈர மணல்மேல் சும்மா வைத்துவிடுங்கள். மேசையில் வைத்தாலும் வேர் விட்டுவிடும்.

பெரிய சிவப்பு லில்லி

இனித்தான் கைவேலை. ஹிப்பியஸ்ட்ரத்தைப் பெருக்க மூன்று வழி: குட்டி பிரிப்பது, கிழங்கை வெட்டுவது, விதை போடுவது.

குட்டி பிரிப்பது எல்லோருக்கும் முடியும். தாய்க்கிழங்கின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு குட்டிகள் நிற்கும். குட்டிக்கென்று சொந்த வேர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் கையால் நெம்பினாலே கழன்றுவிடும். வராவிட்டால் இன்னுமொரு வருடம் தாயோடு இருக்கட்டும். கழற்றியதை ஆறு அங்குலச் சாடியில், கிழங்கின் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்கு வெளியே தெரிய நடுங்கள். கழுத்துவரை புதைத்தால் மாரியில் தண்ணீர் கழுத்துக்குள் இறங்கி அழுகும். இங்கே கெட்டுப்போகும் பெரிய லில்லிகளில் பாதி, ஆழமாக நட்டதால் கெட்டவைதான்.

நல்ல நிறம் ஒன்று கிடைத்து அது குட்டியே போடவில்லை என்றால் கிழங்கை வெட்ட வேண்டும். மனம் பதைக்கும். ஆனால் ஒரு கிழங்கிலிருந்து எட்டுப் பத்துக் கண்டு எடுக்க இதுவே வழி.

வெட்டுவதற்கு முன் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். கறிக்கு வெங்காயம் அரியும்போது வேர்ப்பக்கத்தில் வட்டமாக ஒரு கெட்டித் துண்டை வெட்டி எறிவோமே, அதுபோல லில்லிக் கிழங்குக்கும் ஒரு அடித்தட்டு உண்டு. உண்மையில் அதுதான் தண்டு. செதில்களெல்லாம் அதில் பொருந்தி நிற்கும் தடித்த இலையடிகள். புதுக் குட்டி பிறப்பது செதிலும் அடித்தட்டும் சேரும் இடத்தில். அடித்தட்டு ஒட்டாத செதில் எவ்வளவு கொழுத்ததாக இருந்தாலும் அழுகத்தான் போகிறது.

1. கைப்பிடி அளவு, இறுக்கமான, புள்ளி இல்லாத கிழங்கைத் தெரிவு செய்யுங்கள். அமுக்கினால் மெத்தென்று இருந்தால் வேண்டாம்.

2. மண்ணைக் கழுவி, காய்ந்த மேற்தோலை உரித்து, வேரை அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். அடித்தட்டைச் சீவிவிடாதீர்கள். கழுத்துப் பக்கத்தில் மேல் மூன்றிலொரு பங்கை வெட்டி அகற்றுங்கள்.

3. மெல்லிய கூரான கத்தியைக் கொதிநீரிலோ ஸ்பிரிற்றிலோ துடையுங்கள். மரக்கறி வெட்டும் கத்தியை இதற்கு எடுக்க வேண்டாம். ஏன் என்பது பின்னால் வரும்.

4. கிழங்கை மேலிருந்து அடித்தட்டு வரை நாலாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் மறுபடி இரண்டாகப் பிளவுங்கள். ஒவ்வொரு துண்டிலும் அடித்தட்டில் ஒரு பங்கு இருக்க வேண்டும். பெரிய கிழங்கென்றால் பன்னிரண்டு வரை போகலாம். அதற்கு மேல் பேராசை.

5. வெட்டுவாயில் பங்கசுநாசினித் தூள் தடவுங்கள். மருந்து வேண்டாம் என்பவர்கள் கறுவாத் தூளோ கரித்தூளோ தடவலாம். மருந்து அளவுக்கு அது நிற்காது, ஆனால் உதவும். நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள்.

6. ஊறவைத்த தும்புத்தூளைக் கையில் எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டக்கூடாது, கை ஈரப்பட வேண்டும். அந்தப் பதத்தில் ஒரு சொப்பிங் பையில் போட்டு, துண்டுகளை அடித்தட்டு கீழே இருக்கும்படி புதைத்து, கொஞ்சம் காற்று விட்டுக் கட்டுங்கள். வீட்டுக்குள் வெளிச்சம் குறைந்த மூலையில் தொங்கவிடலாம். எங்கள் வெப்பமே போதும்.

7. கிழமைக்கு ஒரு தரம் திறந்து மணந்து பாருங்கள். மண் மணம் என்றால் நல்லது. புளித்த மணம் வந்தால் எந்தத் துண்டு என்று தேடி எடுத்து எறிந்துவிட்டு, மற்றவற்றைப் புதுத் தும்புத்தூளுக்கு மாற்றுங்கள்.

ஆறிலிருந்து எட்டுக் கிழமைக்குள் செதில் இடுக்கில், அடித்தட்டை ஒட்டி, வெள்ளையாகப் பயறு அளவில் ஒரு முகிழ் தெரியும். சில நாளில் கடலையளவு பருத்து, கீழே வேரும் மேலே ஒற்றை இலையும் விடும். முழுத் துண்டையும் அப்படியே, செதில் நுனி வெளியே தெரியச் சின்னச் சாடியில் நடுங்கள். பழைய செதிலைப் பிடுங்க வேண்டாம். குட்டி அதைத்தான் தின்று வளர்கிறது. தானாகச் சுருங்கி உதிரும்.

இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும். அதுவரை ஒரு விசயம் முக்கியம்: பெரிய கிழங்குக்கு ஆடி ஆவணியில் தண்ணீரை நிறுத்தி ஆறு எட்டுக் கிழமை ஓய்வு கொடுப்பது வழக்கம், பூப்பதற்கு அது உதவும். ஆனால் குட்டிகளுக்கு ஓய்வு கிடையாது. அவை வருடம் முழுக்க இலையோடு நின்றால்தான் கிழங்கு பருக்கும். கோடையில் கிடுகுப் பந்தலின் கீழ் வைத்து, மண் மேற்பரப்புக் காய்ந்ததும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள்.

விதை போடுவது பொறுமைக்காரருக்கு. ஒரே கிழங்கின் பூவுக்குள் சேர்த்தால் பல வகைகளில் காய் பிடிக்காது. வேறொரு வீட்டு லில்லியின் மகரந்தம் நல்லது. சூலகத் தண்டின் நுனி மூன்றாகப் பிரிந்து விரிந்திருக்கும் காலையில், மற்றப் பூவின் மஞ்சள் தூளைத் தொட்டுத் தடவுங்கள். நாலிலிருந்து ஆறு கிழமையில் காய் மஞ்சளாகி வெடிக்கும். உள்ளே அடுக்கடுக்காகக் கறுப்புத் தாள் விதைகள். ஐஸ்கிறீம் டப்பாவில் இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு அதில் மிதக்க விடுங்கள். உள்ளே பருப்பு இல்லாத பதர் எது, நல்லது எது என்று வெளிச்சத்துக்குப் பிடித்தால் நடுவில் தெரியும். இரண்டு மூன்று கிழமையில் வேர் நீளும். பிறகு மண்ணுக்கு மாற்றலாம். பிறக்கும் செடி தாயைப் போலவே பூக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

பந்து லில்லி

வருடத்தில் பல மாதம் வெறும் மண்ணாகக் கிடந்து, கோடை மழைக்குத் தண்டை நீட்டி, ஒரு கிழமை பந்தாக நின்றுவிட்டுப் போகும் இந்தச் செடியில் பொறுமை இழந்து சாடியை வேறு கண்டுக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் அதிகம். சாடியில் பெயர் எழுதி வையுங்கள். இதற்கு வேரைக் குழப்புவது பிடிக்காது. மூன்று வருடத்துக்கு ஒரு தரம் மட்டும் கிளறிக் குட்டி எடுங்கள். சிவப்புப் பழம் பிடித்தால் சதையைக் கழுவி அகற்றி, விதையை மண்மேல் பாதி தெரிய வையுங்கள். இலை மஞ்சளாகிப் படுத்த பின் சாடியில் மழை விழக்கூடாது, தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுங்கள். அரை நிழல் போதும்.

கார்த்திகைப்பூ

இதற்கு இந்த மண்ணில் இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். கடல் தாண்டித் தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுதான். இங்கே முதல் மழைக்கு வேலிக்கரையில் மண்ணைப் பிளந்துகொண்டு முளைத்து, பற்றையில் ஏறி, கார்த்திகையில் பூக்கும். ஒரே பூவைப் பச்சை மொட்டிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள்: முதலில் இதழ் ஆறும் பச்சை கலந்த மஞ்சளாகக் கீழே தொங்கும்; பிறகு ஒவ்வொன்றாக மேலே மடிந்து, ஓரம் நெளிந்து, நுனியிலிருந்து சிவப்பு இறங்கும்; உதிரும் முன் முழுச் சிவப்பு. மகரந்தத் தாள்கள் கீழே சக்கரமாக விரிந்து நிற்க, சூலகத் தண்டு மட்டும் பக்கவாட்டில் மடங்கி வெளியே நீளும்.

இதன் கிழங்கு உருண்டையல்ல. இரு கை விரித்த கவண்போல இருக்கும். முளை வருவது கையின் நுனியில் மட்டும்தான். அந்த நுனி மிக மென்மையானது. கிண்டும்போது அலவாங்கு பட்டு முறிந்தால் அந்தக் கை முளைக்காது. ஆகவே கையால் மண்ணைத் துழாவி எடுங்கள். கவண் பிரியும் முழங்கையில் வெட்டினால், நுனி பழுதாகாத ஒவ்வொரு கையும் ஒரு செடியாகும். வெட்டுவாயில் கரித்தூள் தடவிக் காயவிட்டு, புரட்டாதியில் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் படுக்கை வாட்டில் நடுங்கள்.

ஏறுவதற்கு ஏதாவது வேண்டும். இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும். தடித்த கம்பத்தை அதால் பிடிக்க முடியாது. கிளுவை வேலியோ கம்பி வலையோ சரி. தையில் கொடி காய்ந்ததும் கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும், இடத்தை மட்டும் அடையாளம் வையுங்கள். பழைய கிழங்கு சுருங்கி அதன் பக்கத்தில் புதியது உண்டாகியிருக்கும். விதையாலும் வரும், ஆனால் முளைக்கவே மாதங்கள், பூக்கச் சில வருடங்கள்.

நஞ்சு

கார்த்திகைக் கிழங்கில் கொல்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. உண்ணக்கூடிய கிழங்கு என்று தவறாக நினைத்து அவித்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் எங்கள் நாட்டில் உண்டு. விதையும் நஞ்சுதான். கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். இல்லாவிட்டால் வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

மற்ற லில்லிக் கிழங்குகளும் வாந்தி பேதி தரக்கூடியவை. இங்கே ஆபத்து எங்கே வருகிறது என்றால், வெங்காயம் பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிடும் வீடுகள் எங்களுடையவை. மழை லில்லிக் கிழங்கைக் காயவைக்கக் குசினி யன்னலோரம் வைத்துவிட்டு வெளியே போனால், சமைக்க வந்தவர் சின்ன வெங்காயம் என்று எடுத்துவிடலாம். மணத்தால் மட்டுமே வித்தியாசம் தெரியும். லில்லிக்கு வெங்காய மணம் கிடையாது. கிழங்கு குசினிக்குள் வரவே கூடாது, அதை வெட்டின கத்தியும் வரக்கூடாது.

மாரியில் பார்த்துக்கொள்ள வேண்டியவை

கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் செம்மஞ்சள் புள்ளியுமாக ஒரு புழு வரும். லில்லியும் கார்த்திகைப்பூவுந்தான் அதன் சாப்பாடு. இலையின் அடியில் கூட்டமாகப் பொரித்து, இரண்டு இரவில் செடியை மொட்டையாக்கிவிடும். விடியற்காலை இலையைப் புரட்டிப் பார்த்து, சவர்க்காரத் தண்ணீர் உள்ள சிரட்டையில் தட்டிவிடுங்கள். இதற்கு மருந்தைவிடக் கை நல்லது. வேப்பெண்ணெய் ஒரு தேக்கரண்டியை ஒரு லீற்றர் தண்ணீரில் சவர்க்காரத் துளியோடு கலக்கி அடித்தால் சின்னப் புழு விலகும், பெரியது அசையாது.

பெரிய லில்லியின் இலையிலும் தண்டிலும் சிவப்புக் கீறல்போல வந்தால் அது பங்கசு. அந்த இலையை வெட்டி எரித்துவிட்டு, மேலால் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். நத்தையை இரவில் டோர்ச் அடித்துப் பொறுக்கலாம். செதிலிடுக்கில் வெள்ளைப் பஞ்சாக ஒட்டும் மாவுப்பூச்சியைப் பழைய பல் துலக்கியில் ஸ்பிரிற் தொட்டுத் துடைத்துவிடலாம்.

கடைசியாக அந்த வாசனை லில்லி

எப்படியும் வளர்த்தே தீருவேன் என்பவர்களுக்கு. பூத்து முடிந்ததும் தண்டை வெட்டாமல் இலை மஞ்சளாகும் வரை விடுங்கள். பிறகு கிழங்கை எடுங்கள். அதற்கு வெங்காயம் மாதிரி மேற்தோல் இருக்காது. செதில்கள் தளர்வாக, பூப்போல அடுக்கி நிற்கும். வெளிச் செதில் நாலைந்தை அடியோடு ஒடித்து எடுத்து, மேலே சொன்ன தும்புத்தூள்ப் பைக்குள் போட்டால், ஆறு எட்டுக் கிழமையில் ஒவ்வொன்றின் அடியிலும் குட்டி வரும். குட்டி வந்த பையையும் தாய்க்கிழங்கையும் பிறிட்ஜில் மரக்கறித் தட்டில் ஆறிலிருந்து எட்டுக் கிழமை வையுங்கள். உறைபெட்டிக்குள் அல்ல. அதே தட்டில் பழம் வைக்கக்கூடாது. பழுக்கும் பழத்திலிருந்து வரும் வாயு உள்ளே இருக்கும் முகையைக் கெடுக்கும். பைக்கு மேல் பெரிய எழுத்தில் "நஞ்சு, சமைக்க வேண்டாம்" என்று எழுதுங்கள்.

மார்கழி முடிவில் எடுத்து நட்டால் குளிர்ந்த இரவுகள் கொஞ்சமாவது கிடைக்கும். ஐந்து அங்குல ஆழம், காலை வெயில் மட்டும் படும் இடம். தாய்க்கிழங்கு இரண்டாம் முறை பூத்தாலும் முதல் முறையைவிடச் சின்னதாகத்தான் பூக்கும். குட்டிகள் பூக்க இரண்டு மூன்று முறை இந்தக் குளிர் கொடுக்க வேண்டிவரும். வீட்டில் பூனை இருந்தால் இந்த வேலையே வேண்டாம். இந்த லில்லியின் மகரந்தத் தூளை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும்.